பிரேக் ஆயிலும் பாஸ்கலின் பந்தயமும்

2023 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, சென்னை பெருங்குடிப் பக்கம் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்து, ஒரே மனிதரிடம் தொடர்ந்து பதினொரு முறை "வேண்டாம்" என்று சொன்னேன். பொதுவாக எனக்கு வேண்டாம் என்று சொல்ல வராது. கடையில் ஒரு சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டால் வாங்காமல் வெளியே வரக் கூச்சப்படுகிற ஆள். அதனால் அன்று வெளியே வந்தபோது ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. மூன்று மாதம் கழித்து அதை நினைத்து வெட்கப்பட நேர்ந்தது. ஏமாறாமல் இருப்பது ஒரு நல்ல குணமா, அல்லது அதுவும் ஒரு வகைச் சோம்பேறித்தனமா என்ற கேள்வி அப்போதிருந்து என்னுடன் இருக்கிறது.

எதிரில் இருந்தவருக்கு 'சர்வீஸ் அட்வைசர்' என்று பதவிப் பெயர். இருபத்தைந்து வயது இருக்கலாம். கையில் டேப்லெட், கழுத்தில் ஐடி கார்டு, காதோரம் வியர்வை. "வண்டியை நல்லா வச்சிருக்கீங்க சார்" என்று ஆரம்பித்தார். அடுத்து ஒரு "ஆனா" வரும் என்று தெரியும். வந்தது.

ஒவ்வொரு வரிக்கும் ஒரு சின்ன பயம் ஒட்டப்பட்டிருந்தது. இன்ஜின் ஃப்ளஷ் போடவில்லை என்றால் உள்ளே கசடு சேரும். இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யவில்லை என்றால் மைலேஜ் அடிவாங்கும். திராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும். ஏசிக்குள் பூஞ்சை இருக்கும், "வீட்ல சின்னக் குழந்தை இருக்குல்ல சார்?" அடிப்பாகத்துக்குத் துரு பிடிக்காமல் ஒரு கோட்டிங், மேலே டெஃப்லான் கோட்டிங், உள்ளே சீட் க்ளீனிங், எலி வயரைக் கடிக்காமல் இருக்க ஒரு ஸ்ப்ரே, டயருக்கு நைட்ரஜன், வீல் அலைன்மென்ட் பாலன்சிங். பதினொன்றாவதாக, அதே குரலில், அதே வேகத்தில்: "பிரேக் ஆயில் மாத்திடலாமா சார்? மூணரை வருஷம் ஆகுது."

வழக்கமான ஆயில் சர்வீஸுக்கு 5,200 ரூபாய். இந்தப் பதினொன்றுக்கும் கூடுதலாக 13,400. அதில் பிரேக் ஆயில் மட்டும் 780.

முந்தின நாள் ராத்திரி 'சர்வீஸ் சென்டர்காரர்கள் எப்படி ஏமாற்றுகிறார்கள்' என்கிற மாதிரி நான்கைந்து வீடியோ பார்த்துவிட்டுப் போயிருந்தேன். நைட்ரஜன் என்றதும், "நாம மூச்சு விடுற காத்துலயே 78 பர்சென்ட் நைட்ரஜன்தான் பாஸ்" என்று ஒரு போடு போட்டேன். அவர் சிரித்தார், அல்லது சிரிப்பது மாதிரி செய்தார். அந்த உற்சாகத்தில் மீதியையும் ஒவ்வொன்றாக வெட்டினேன். கடைசி வரிக்கு வரும்போது அதைக் காதில்கூட வாங்கவில்லை. வாய்தான் வேண்டாம் என்றது.

சாயங்காலம் மனைவி கேட்டாள்: "அதுல ஏதாவது ஒண்ணு நிஜமாவே தேவைப்பட்டுதா?"

"எல்லாம் டுபாக்கூர்" என்றேன்.

என் சந்தேகத்துக்கு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1973இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'தடையற்ற போட்டியும் மோசடியின் உகந்த அளவும்' என்று வரும். நாம் காசு கொடுத்து வாங்குபவற்றில் ஒரு விசித்திரமான ரகம் உண்டு என்பது அதில் முக்கியமான விஷயம். தக்காளியை வாங்குவதற்கு முன்பே அழுத்திப் பார்த்துவிடலாம். பிரியாணியைச் சாப்பிட்ட பிறகு தெரிந்துவிடும். ஆனால் சில விஷயங்கள் வாங்கிய பிறகும் தெரியாது. டாக்டர் கொடுத்த மருந்தால் காய்ச்சல் போனதா, தானாகவே போயிருக்குமா? அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ரிப்பேர் வேலையும் ஒன்று. எனக்கு இதைப் புரிந்துகொள்ள நம் ஊர்ப் பரிகாரம் போதும். பரிகாரம் செய்தோம், கெட்டது நடக்கவில்லை. பரிகாரம் பலித்தது என்பதா, முதலில் கெட்டது நடக்கவே இருக்கவில்லை என்பதா? இன்ஜின் ஃப்ளஷ் அப்படிப்பட்டது. போட்டுவிட்டு வண்டி ஒழுங்காக ஓடினால் அட்வைசர் சொன்னது சரி. போடாமல் ஒழுங்காக ஓடினாலும் அவர் சொன்னது தப்பாகிவிடாது, "இன்னும் ரெண்டு வருஷத்துல தெரியும் சார்."

அப்படியானால் அவர் பொய் சொல்கிறாரா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஒரே ஒரு வழி இருக்கிறது. விடையை முன்பே தெரிந்துகொண்டு பரீட்சைக்குப் போக வேண்டும். கலிஃபோர்னியா மாநில நுகர்வோர் துறை அதைச் செய்தது. எது தேய்ந்திருக்கிறது, எது நன்றாக இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவைத்த வண்டிகளைத் தன் ஆட்களிடம் கொடுத்து, சியர்ஸ் நிறுவனத்தின் கார் பழுதுபார்ப்பு மையங்களுக்குச் சாதாரண வாடிக்கையாளர்கள் போல அனுப்பியது. பெரும்பாலான முறை தேவையில்லாத வேலைகள் பில்லில் ஏறின. 1992இல் இது வெளியே வந்து பெரிய செய்தியானது. அங்கே வேலை செய்தவர்கள் பிறவித் திருடர்கள் இல்லை. ஊழியர்களுக்கு இத்தனை அலைன்மென்ட், இத்தனை பிரேக் வேலை என்று இலக்கு வைத்து, விற்பனைக்கேற்பக் கமிஷன் கொடுக்கும் முறையை நிறுவனம் கொண்டுவந்திருந்தது. அந்த முறைதான் தவறு நடக்கும் சூழலை உருவாக்கியது என்று நிறுவனத்தின் தலைவரே ஒப்புக்கொண்டு, அட்வைசர்களுக்கான கமிஷனை நிறுத்தினார். வருடங்களாக உலகத்தின் இன்னொரு மூலையில் அதே டேப்லெட்டை என்னிடம் நீட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அட்வைசர் தம்பி என்னிடம் பயன்படுத்திய வாதத்துக்கு 350 வருடப் பழமை உண்டு. பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாஸ்கல், கடவுளை நம்புவதை ஒரு பந்தயமாகப் பார்த்தார். நம்பினால் இழப்பது கொஞ்சம். நம்பாமல் இருந்து, கடவுள் நிஜமாகவே இருந்துவிட்டால் இழப்பது எல்லையற்றது. எனவே நம்பிவிடு, சார். அவர் இறந்த பிறகு 1670இல் வெளியான குறிப்புகளில் இது இருக்கிறது. இதற்கு உடனே தோன்றும் மறுப்பு: எந்தக் கடவுளை? இதே கணக்கை இன்னொரு மதத்துக்காரரும் சொல்லலாமே என்று டிதரோ கேட்டார். ஊருக்கு நாலு சாமி உள்ள நமக்கு இது சட்டென்று புரியும். 780 ரூபாய் கொடுத்து ஒரு நரகத்திலிருந்து தப்பலாம் என்றால், அதே தர்க்கத்தின்படி மற்ற பத்து நரகங்களுக்கும் கப்பம் கட்டியாக வேண்டும். ஒன்றுக்குத் தலையாட்டினால் எல்லாவற்றுக்கும் ஆட்ட வேண்டும். அதனால் எதற்கும் ஆட்டாமல் இருப்பதே தர்க்கபூர்வமானது. அன்று என் மூளை போட்ட கணக்கு இதுதான். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

மே மாதம் மகளுக்கு லீவு. வால்பாறை போனோம். மூன்று நாள் தேயிலைக் காடு, மழைத் தூறல், இரவில் தூரத்தில் யானை கத்துகிற சத்தம். நான்காம் நாள் காலை ஆழியாறு நோக்கி இறங்க ஆரம்பித்தோம். அந்தப் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். மகள் பின்சீட்டில் இருந்து ஒவ்வொரு எண்ணாகக் கத்திக்கொண்டு வந்தாள். ராக்கெட் கிளம்பப்போகிற மாதிரி நாற்பதிலிருந்து கீழே.

என்னுடையது ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. மலையிறங்கும்போது கியரைக் கீழே இறக்கி, இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி ஓட்ட வேண்டும் என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆட்டோமேட்டிக்கிலும் அதற்கு வழி உண்டு. நான்தான் கியர் என்பது வண்டியின் தலைவலி என்று விட்டுவிட்டேன். முன்னால் ஒரு பேருந்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே பிரேக்கை அழுத்தியபடி வந்தேன். அட்டகட்டி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஏதோ கருகுகிற வாடை. பேருந்திலிருந்து வருகிறது என்று கண்ணாடியை ஏற்றினேன். மகள் "பன்னெண்டு" என்று கத்தினாள். அடுத்த வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. எதிர்ப்பே இல்லை. இன்னொரு முறை மிதித்தேன். இன்னும் கீழே போனது.

அடுத்த சில வினாடிகளை விவரமாக எழுதும் அளவுக்கு எனக்கு ஞாபகம் இல்லை. ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்ததும், கியரைத் தட்டி ஒன்றாம் எண்ணுக்குக் கொண்டுவந்ததும், மலைப்பக்கச் சுவரை ஒட்டி வண்டி நின்றதும் தெரியும். ஹேண்ட்பிரேக் பெரும்பாலான கார்களில் கம்பிக் கயிற்றில் இயங்குவது, ஆயிலோடு சம்பந்தமில்லாதது. அந்த அறிவும் பிறகு வந்ததுதான். மனைவி ஒன்றும் பேசவில்லை. மகள் ஜன்னல் வழியாகப் பாறைமேல் நின்ற ஒரு வரையாட்டைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு அந்தப் பயணத்தில் அதுதான் நடந்தது.

ஒரு மணி நேரம் நின்றோம். சூடு ஆறியதும் பெடல் பழையபடி இறுகியது, ஒன்றுமே நடக்காத மாதிரி. ஒன்றாம் கியரிலேயே ஊர்ந்து இறங்கி, பொள்ளாச்சியில் ஒரு மெக்கானிக்கிடம் சேர்ந்தோம். ஐம்பது வயதுக்காரர். பனியனில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"பெடல் கல்லாட்டம் நின்னுச்சுங்களா, பஞ்சாட்டம் உள்ள போச்சுங்களா?"

"பஞ்சு மாதிரி."

"அப்ப ஆயில் கொதிச்சுப்போச்சுங்க. கல்லாட்டம் நின்னும் வண்டி நிக்கலைன்னா பேடு சூடேறிருச்சுன்னு அர்த்தம். எப்ப மாத்துனீங்க?"

"வாங்குனதிலிருந்து மாத்தல. மூணே முக்கால் வருஷம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு விதியை நினைவுபடுத்துவதுபோல விளக்கினார். உண்மையில் அது பள்ளிக்கூடத்தில் படித்த விதிதான். மூடிய குழாயில் உள்ள திரவத்தை ஒரு முனையில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் போய்ச் சேரும். பாஸ்கல் விதி. காலால் மிதிப்பது சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது இதனால்தான். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக்கணக்கு. அதில் நான்கு சதவீதத்துக்கும் குறைவாக, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால், தாங்க வேண்டிய அளவு 155 டிகிரிதான். கொதித்தால் ஆவி. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதிப்பதெல்லாம் ஆவியை அமுக்குவதிலேயே செலவாகிவிடும்.

ஆக அந்தக் காரில் இரண்டு பாஸ்கல்கள் இருந்திருக்கிறார்கள். டேப்லெட்டில் ஒருவர், பிரேக் குழாயில் ஒருவர். டேப்லெட்டில் இருந்தவரை வென்ற சந்தோஷத்தில் இன்னொருவரை மறந்துவிட்டேன்.

மெக்கானிக் ஆயிலை வடித்து, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தார். பழைய ஆயில் கட்டஞ்சாயா நிறத்தில் இருந்தது. "கெட்டுப்போச்சுல்ல?" என்றேன், தண்டனையை ஏற்கத் தயாரானவனின் குரலில். "கலரை வச்சுச் சொல்ல முடியாதுங்க" என்றார்.

"பிப்ரவரியிலேயே மாத்தியிருந்தா இப்படி ஆகியிருக்காதுல்ல?"

"அதெப்படிங்க சொல்றது? புது ஆயிலா இருந்தா தாங்கியிருக்கலாம். நீங்க அமுக்குன அமுக்குக்கு அதுவும் கொதிச்சிருக்கலாம்."

எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது. ஒரு நேர்மையான தீர்ப்பை எதிர்பார்த்திருந்தேன். தப்பு என்னுடையது, ஆயிலை மாற்றாதது காரணம் என்று சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். டார்பியும் கார்னியும் சொன்ன ரகத்தின் முழு அர்த்தம் அப்போதுதான் உறைத்தது. சாவின் விளிம்புவரை போய்வந்த பிறகும், அந்த 780 ரூபாயின் மதிப்பு என்ன என்று எனக்குத் தெரியாது. வண்டி நன்றாக ஓடும்போது மட்டுமில்லை, நின்றுபோனபோதும் அது நிரூபணம் ஆகவில்லை.

சென்னை திரும்பும் வழியில் 'புலி வருது' கதை மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. சின்ன வயதில் எல்லோருக்கும் சொல்லப்பட்ட கதை. பொய் சொன்ன பையனுக்குப் பாடம் என்று முடிப்பார்கள். ஊர்க்காரர்கள் மீது யாரும் குறை சொல்வதில்லை. இரண்டு முறை ஏமாந்தவர்கள் மூன்றாம் முறை வராமல் இருந்தது நியாயம்தானே? ஆனால் அந்தக் கதையில் ஆடுகளும் இருந்தன. பையனுக்கும் ஊருக்கும் நடந்த வழக்கில் தீர்ப்பு யார் பக்கம் போனால் ஆடுகளுக்கு என்ன? என் பின்சீட்டில் ஆறு வயதுக் குழந்தை நாற்பதிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணியிருந்தது.

அளவுக்கு மீறி விற்பவர்களால் நாம் இழப்பது பணம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பணம் அதில் சின்னப் பகுதி. பத்து பொய்களோடு ஒரு உண்மையைக் கட்டிக் கொடுத்தால் அந்த உண்மை கேட்கப்படும் தகுதியை இழக்கிறது. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது தினசரி அனுபவம். சர்வரில் எது நடந்தாலும் அலாரம் அடிக்கும்படி வைத்துவிட்டால், ராத்திரி மூன்று மணிக்குப் போன் அடிக்கும்போது கை தானாக அதை அணைக்கும். நிஜமாகவே தீப்பிடித்த அன்றும் அணைக்கும். அலாரத்தை அப்படி வைத்தவர் மீது எனக்கு எப்போதும் கோபம் உண்டு. ஆனால் அணைத்த கை என்னுடையது.

அந்தக் கை செய்த இன்னொரு வேலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் டிக்கெட் பதிவு செய்யும் ஒரு செயலியில் வேலை பார்த்தேன். பயணக் காப்பீடு என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் மார்க் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். வேண்டாதவர்கள் கவனித்து எடுக்க வேண்டும். அந்த டிக்கைப் போட்டவன் நான். ஒரு வரி நிரல், ஒரு 'ட்ரூ'. அன்று மத்தியானமே வரைபடத்தில் கோடு மேலே ஏறியது, டீம் க்ரூப்பில் கைதட்டல் எமோஜிகள் விழுந்தன. யாரிடமும் நான் பொய் சொல்லவில்லை, யாரையும் பயமுறுத்தவும் இல்லை. இன்னும் சொல்லப்போனால் காப்பீடு என்பது நல்ல விஷயம்தான், ஒருவேளை சிலருக்கு உதவியிருக்கும். இந்த 'ஒருவேளை'யைத்தான் அட்வைசர் தம்பியும் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார், நான் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 2023 நவம்பரில் இந்திய அரசு இப்படிப்பட்ட தந்திரங்கள் பதின்மூன்றைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. கேட்காமலே கூடையில் பொருளைச் சேர்ப்பது அதில் ஒன்று. செய்தியைப் படித்தபோது, பரீட்சை முடிந்த பிறகு விடைத்தாளைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அதனால் அவர் அயோக்கியர், நான் விழிப்பான குடிமகன் என்ற கதையை என்னால் இனிமேல் சொல்ல முடியாது. அவரும் நானும் செய்தது ஒரே தொழில்.

சரி, அப்படியானால் எதற்குக் காசு கொடுப்பது? வால்பாறைக்குப் பிறகு முதல் வேலையாக, நான்கு வருடமாக டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடந்த கையேட்டை எடுத்துப் படித்தேன். பின்பக்கத்தில் ஒரு அட்டவணை. எத்தனை கிலோமீட்டரில், எத்தனை மாதத்தில் எதை மாற்ற வேண்டும் என்று கட்டம் கட்டமாக. பிரேக் ஆயில்: இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. கொரோனா காலத்தில் வண்டி அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நின்றே கிடந்ததால் கிலோமீட்டரை மட்டும் பார்த்துவிட்டு மாதத்தை மறந்திருக்கிறேன். ஈரத்துக்கு வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று கவலை இல்லை. இன்ஜின் ஃப்ளஷ் அந்த அட்டவணையில் எங்குமே இல்லை. நைட்ரஜனும் இல்லை, டெஃப்லானும் இல்லை. வண்டியை உருவாக்கியவர்களுக்கு என் பில்லில் கமிஷன் கிடையாது என்பதால் அந்த அட்டவணைக்கு ஒரு மரியாதை உண்டு. அதையும் வேதமாக எடுத்துக்கொள்ள முடியாது. சில கார்களில் கியர் ஆயிலை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று போட்டிருப்பார்கள். யாருடைய ஆயுள் என்று போட்டிருக்க மாட்டார்கள்.

சில விஷயங்களை வண்டியே சொல்லிவிடும். ஸ்டீயரிங்கை விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா, டயர் ஒரு ஓரமாக மட்டும் தேய்கிறதா என்று பார்த்தால் அலைன்மென்ட் வேண்டுமா என்பது தெரிந்துபோகும். வேளச்சேரிச் சாலைகளில் ஒரு மழைக்காலத்தை ஓட்டியவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டும். அன்று நான் வெட்டித்தள்ளியதில் அதுவும் ஒரு நல்ல ஆலோசனைதான். ஏசி ஃபில்டரைப் பத்து நிமிடத்தில் நாமே மாற்றிவிடலாம், டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். இன்ஜெக்டர் சுத்தம் செய்வது, வண்டி இழுவை குறைந்தாலோ நிற்கும்போது உதறினாலோ யோசிக்க வேண்டியது. துரு தடுப்புக் கோட்டிங்கைச் சிரித்து ஒதுக்கினேன். ஆனால் திருவான்மியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் நண்பனுக்கு அது சிரிப்பில்லை, அவன் வீட்டு ஜன்னல் கம்பியே பொறுக்கு பொறுக்காக உதிர்கிறது. எலி ஸ்ப்ரேயும் அப்படித்தான். எங்கள் அபார்ட்மென்டில் ஒருவர் இன்ஜினுக்குள் புகையிலையைக் கட்டிவைத்திருக்கிறார், எலி வருவதில்லை என்கிறார். அவர் கார் பக்கம் மனிதர்களும் அதிகம் போவதில்லை. ஒரே வரி ஒரு வண்டிக்கு உண்மையாகவும் இன்னொரு வண்டிக்குப் பொய்யாகவும் இருக்கிறது. டேப்லெட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அல்லது நாம் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் போக, தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி இருக்கிறது. டெஃப்லான் போடாமல் விட்டால் பெயின்ட் மங்கும். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில் அதை நேரத்துக்கு மாற்றாமல் அறுந்தால், பல வண்டிகளில் இன்ஜினே போய்விடும். பிரேக்கைப் பற்றி இனி நான் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்கலின் பந்தயத்தில் கோளாறு, எல்லா நரகத்தையும் ஒரே அளவாக வரைவது. ஒவ்வொன்றின் ஆழத்தையும் தனித்தனியாக அளந்தால் பந்தயம் அவ்வளவு மோசமில்லை. அளப்பதற்கு உழைப்பு வேண்டும். பதினொன்றுக்கும் சரி என்பதும் பதினொன்றுக்கும் வேண்டாம் என்பதும் அந்த உழைப்பைத் தவிர்க்கும் இரண்டு வழிகள். முதலாவதை அப்பாவித்தனம் என்கிறோம், இரண்டாவதைச் சாமர்த்தியம் என்கிறோம். பெயரில் மட்டும்தான் எனக்கு வித்தியாசம் தெரிகிறது.

அப்பாவிடம் வால்பாறைக் கதையைப் போனில் சொன்னபோது அவர் பிரேக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "உனக்குன்னு ஒரு மெக்கானிக் இல்லையா?" என்று கேட்டார். அவர் திருச்சியில் இருபது வருடம் ஒரே பஜாஜ் ஸ்கூட்டரை ஒரே வேப்பமரத்தடி மெக்கானிக்கிடம் விட்டவர். அந்த அண்ணன் அடிக்கடி சொன்ன வார்த்தை எனக்கும் ஞாபகம் இருக்கிறது: "இப்ப வேணாம் சார், இன்னும் ஆறு மாசம் ஓடும்." பத்து முறை வேணாம் என்று சொன்ன மனிதர் பதினோராம் முறை "க்ளட்ச் கேபிளை மாத்திடுங்க" என்றால் அப்பா விலைகூடக் கேட்க மாட்டார். ஒரே விடையை மட்டும் சொல்லும் சென்சாரில் தகவல் எதுவும் இல்லை என்று எங்கள் துறையில் சொல்வோம். அப்பாவுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இந்த ஏக்கத்தில் கொஞ்சம் பொய்யும் இருக்கிறது. அந்த அண்ணன் அப்பாவைத் தினமும் தெருவில் பார்த்தாக வேண்டியிருந்தது. ஏமாற்றினால் மறுநாள் காலை டீக்கடையில் முகம் பார்க்க முடியாது. இரண்டு வருடத்துக்கு ஒரு வேலை, மூன்று வருடத்துக்கு ஒரு வீடு என்று மாறிக்கொண்டிருக்கும் எனக்கு அப்படி ஒருவரைச் சம்பாதிக்கும் அளவுக்கு நான் எந்தத் தெருவிலும் இருந்ததில்லை.

அடுத்த சர்வீஸுக்கு அதே சென்டருக்குத்தான் போனேன். அதே தம்பி. டேப்லெட்டில் அதே வரிகள், பிரேக் ஆயில் நீங்கலாக. அவர் ஆரம்பிக்கும் முன் கேட்டேன்: "தம்பி, இதுல எது வேணாம்னு சொல்லுங்க."

புரியாமல் பார்த்தார். "உங்க சொந்த வண்டியா இருந்தா எதெல்லாம் விடுவீங்க?"

கண்ணாடி அறையில் மேனேஜர் இருக்கிறாரா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு பழைய ஜாப் கார்டின் பின்பக்கம் பேனாவால் எழுதினார். அலைன்மென்ட், ஏர் ஃபில்டர். வைப்பர் பிளேடு வெளியே வாங்கினால் விலை குறைவு என்றும் சொன்னார். அவ்வளவுதான். நான் வால்பாறையில் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "நான் அன்னிக்கே சொன்னேனே சார்" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை, வருத்தம்தான் இருந்தது. "சொன்னீங்க. பதினொண்ணுல ஒண்ணா சொன்னீங்க" என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

எழுந்திருக்கும்போது தயங்கிக்கொண்டே கேட்டார்: "சார், ஃப்ளஷ் ஒண்ணு மட்டும் போட்டுக்கலாமா? வண்டிக்கு வேணாம், தெரியும். இந்த மாசம் டார்கெட்டுக்கு ரெண்டு குறையுது."

650 ரூபாய். உண்மையைச் சொன்னதற்குக் கூலியா, சொல்லவைத்ததற்கு அபராதமா, அல்லது அடுத்த முறையும் உண்மை வேண்டும் என்று நான் கொடுக்கும் முன்பணமா என்று யோசித்துக்கொண்டே, "பில்லுல போட்டுக்கோங்க, இன்ஜின்ல ஊத்தாதீங்க" என்றேன்.

"ஊத்தலைன்னா ஸ்டாக் கணக்கு இடிக்கும் சார்."

"டப்பாவை என்கிட்ட குடுத்துடுங்க."

வீட்டில் பில்லைப் பார்த்துவிட்டு மனைவி ஃப்ளஷ் எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "இன்னொருத்தருக்கு டார்கெட் குறைஞ்சா?" என்றாள். டப்பா இன்னும் டிக்கியில்தான் கிடக்கிறது. வளைவில் திரும்பும்போதெல்லாம் உருண்டு ஒரு பக்கம் இடிக்கும். மகள் பின்சீட்டிலிருந்து, "அப்பா, அது என்ன சத்தம்?" என்று கேட்பாள்.